ஐந்நூறு நியூட்டன் முறுக்கு

உதயரூபன் மூன்றாவது தடவையும் முற்றத்து மணலில் மல்லாந்து விழுந்தபோதுதான் அந்த மகத்தான முடிவுக்கு வந்தார். முதல் தடவை விழுந்தபோது நட்டுக் கழற்றும் சாவி வழுக்கிவிட்டது என்றார். இரண்டாவது தடவை செருப்பு வழுக்கிவிட்டது என்றார். மூன்றாவது தடவை வழுக்குவதற்கு வேறொன்றும் மிச்சமில்லை. ஆகவே எழும்பாமல் அப்படியே கிடந்து, தென்னோலைக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்தபடி, தன் வாழ்க்கையை முழுதாக ஒருமுறை யோசித்தார்.

நடந்தது இதுதான். லேண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெசின் இழுக்கிற டிரெயிலருக்கு இடப்பக்கச் சில்லில் காற்றுப் போய்விட்டது. சில்லைக் கழற்றிச் சந்தியிலுள்ள டயர்க் கடையில் கொடுத்தால் அரை மணித்தியால வேலை. ஆனால் சில்லைப் பிடித்துக்கொண்டிருந்த ஐந்து நட்டில் ஒன்றாவது அசைய வேண்டுமே. சாவியைப் போட்டுப் பார்த்தார். சாவிப் பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகிப் பார்த்தார். குழாயில் தொங்கினார். கடைசியில் குழாயின் மேலேயே ஏறி நின்றார். எழுபத்தெட்டுக் கிலோ உதயரூபனுக்கு மரியாதை கொடுத்து நட்டு ஒரு நூலளவு அசைந்தது, பிறகு முன்னையிலும் இறுகி நின்றது, அவர் விழுந்தார்.

கேதீஸ்வரி குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். 

"இஞ்சேருங்க, அந்தச் சில்லு வந்து..."

"நீ பேசாம இரு. இது உனக்கு விளங்காத விசயம்."

கேதீஸ்வரி பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்த எந்தச் சந்தர்ப்பமும் உதயரூபனுக்கு நல்லதாக முடிந்ததில்லை. இருபத்தாறு வருடத்தில் அந்த ஒன்றையாவது அவர் கவனித்து வைத்திருக்கலாம்.

அவரையும் குறை சொல்ல முடியாது. மட்டக்களப்பு மாப்பிள்ளைமார் எல்லோரையும் போல அவரும் கலியாணம் கட்டி, பெண் வீட்டுக்கு வந்து குடியிருந்தவர். கல்லடியில் பிறந்தவர், தேற்றாத்தீவில் கால் வைத்தபோது வீடு கேதீஸ்வரியின் வீடு. வளவு கேதீஸ்வரியின் வளவு. வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வட்டையில் கிடக்கும் நாலு ஏக்கர் வயலும் தாய்வழியில் கேதீஸ்வரிக்கு வந்த சீதனம். லேண்ட்மாஸ்டர் மாமனார் வாங்கியது. அவரை விழுத்திவிட்ட சாவியில்கூட மாமனார் தன் பெயரின் முதலெழுத்தை உளியால் கொத்தி வைத்திருந்தார். உதயரூபன் தன் பங்குக்கு ஒரு சைக்கிளும் ஒரு சூட்கேசும் கொண்டுவந்தார். சைக்கிளை மச்சான் கொண்டுபோனான். சூட்கேசில் கேதீஸ்வரி கூறைச்சீலை வைத்திருக்கிறாள்.

புளியந்தீவில் கந்தோர் வேலை இருந்த காலத்தில் இது அவரைப் பெரிதாக வருத்தவில்லை. அங்கே ஒரு மேசை இருந்தது, மேசையில் பெயர்ப் பலகை இருந்தது. பென்சன் எடுத்து ஆறு மாதமாகிறது. இப்போது தபால்காரன்கூட வாசலில் நின்று, "கேதீஸ்வரியக்காட வீட்டுக்காரர் நிக்கிறாரா?" என்றுதான் கேட்கிறான். வீட்டில் ஒரு இடத்தில் இருக்க அவரால் ஏலவில்லை. கை சும்மா இருக்காது. போன மாதம் குசினிக்குள் புகுந்து டின்கள் எல்லாவற்றையும் கந்தோர்க் கோப்பு மாதிரி அகரவரிசையில் அடுக்கினார். கேதீஸ்வரி இரண்டு நாள் சீனி தேடினாள்.

மணலைத் தட்டிக்கொண்டு எழும்பிய உதயரூபன் அறிவித்தார்.

"இந்த வீட்டுக்குள்ள எனக்கெண்டு ஒரு சாமான் வாங்கப் போறன். ஒண்டே ஒண்டு. ஆர்ட சீதனமுமில்ல. ஆர்ட பேரும் கொத்தினதில்ல. என்ட சாமான்."

"என்ன சாமான்?"

"இம்பெக்ட் றெஞ்ச்."

"அப்பிடியெண்டா?"

"கரண்டில வேலை செய்யிற மெசின். நட்டுக் கழட்டிறது."

கேதீஸ்வரி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். தலையில் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

"இனியென்ன மெசின். கழண்ட நட்டு ஒண்டு ஆறு மாசமா இந்த வீட்டைச் சுத்தி வருகுது."

"சிரி, சிரி. வாங்கிக் காட்டிறன்."

"வாங்குங்களன்," என்றாள் கேதீஸ்வரி. துருவலை நிறுத்திவிட்டு ஒரு கணம் யோசித்தாள். "நல்லதாப் பாத்து வாங்குங்க."

அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது உதயரூபனுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. சண்டைக்கு எடுத்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் வீணாகிவிட்டன.

அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, இரண்டும் இருந்தும் இல்லை. போனில் வீடியோ பார்த்தார். எங்கேயோ ஒரு தேசத்தில் தாடிக்காரன் ஒருவன் லொறிச் சில்லுகளை வாழைப்பழத் தோல் உரிப்பதுபோலக் கழற்றிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே சோற்றுக்குத் தேத்தண்ணியை ஊற்றினார். பிசைந்தும் சாப்பிட்டார். மிச்சத்தை நாய் சாப்பிடவில்லை.

"இதில முக்கியமான விசயம் முறுக்குத்தான், தெரியுமா?" என்றார் இரண்டாம் நாள் காலை.

"முறுக்கு வேணுமெண்டா மா கிடக்கு. பின்னேரம் சுட்டுத் தாறன்."

"அந்த முறுக்கில்ல. நட்ட முறுக்கிற பலம். நியூட்டன் கணக்கில சொல்லுவாங்க. முந்நூறு எடுக்கிறதா, ஐந்நூறு எடுக்கிறதா, ஆயிரம் எடுக்கிறதா எண்டு யோசிக்கிறன்."

"ரெண்டு பேருக்கு ஆயிரம் முறுக்கு என்னத்துக்கு?"

உதயரூபன் கண்ணை மூடிக்கொண்டார். அறிவில்லாத இடத்தில் அறிவாளி படும் பாட்டை யாரிடம் சொல்லி அழுவது. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி காத்தான்குடிக்குப் போனார். அங்கே றிஸ்லானின் ஹாட்வெயார் கடையில் ஒரு மெசினைக் கண்டார். நீல நிறம். நீளமான வயர். கையில் எடுத்ததும் விட மனமில்லை. வீட்டுக்கு வந்து அதன் பெருமையைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

கேதீஸ்வரி கேட்டாள், "வட்டைக்குள்ள பிளக் எங்க கிடக்கு?"

"என்ன?"

"இல்ல, வயலுக்க லேண்ட்மாஸ்டர் பழுதானா நட்டுக் கழட்டோணுமே. வயரை எதில குத்துறது? எனக்கென்ன விளங்கும், சும்மா கேட்டன்."

உதயரூபன் சோற்றை அள்ளி வாயில் போட்டார். அடுத்த நாள் மறுபடி பஸ் ஏறினார். றிஸ்லானைப் பார்த்து, ஒரு ஆசிரியர் மாணவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "தம்பி, வயர் மெசின் வீட்டுக்குச் சரி, கராஜுக்குச் சரி. வயல் செய்யிற மனுசனுக்கு பெட்டரி மெசின்தான் சரி. வட்டைக்குள்ள பிளக் எங்க கிடக்கு?"

"சரியான பேச்சு அண்ணன்," என்றான் றிஸ்லான். "விசயம் தெரிஞ்ச ஆள்."

விசயம் தெரிஞ்ச ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டரி மெசின்களில் ஆகப் பெரியதைத் தொட்டார். ஆயிரம் நியூட்டன். அதைத் தூக்கும்போது தோள் ஒரு பக்கம் இறங்கியது. இதுதான் என்று மனதில் முடிவு செய்து, வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினார். கேதீஸ்வரி படத்தைப் பார்த்தாள், வெளியே போனாள், ஒரு பையில் ஆறு தேங்காயைப் போட்டுக் கொண்டுவந்தாள்.

"இத நீட்டிப் பிடியுங்க பாப்பம்."

"என்னத்துக்கு?"

"அந்த மெசின் இந்தப் பாரம் இருக்கும் போல கிடக்கு. டிரெயிலருக்கு ரெண்டு பக்கமும் பத்து நட்டு. லேண்ட்மாஸ்டருக்கு, சேத்துக்க இறங்க, இரும்புச் சில்லு மாத்த வேற நட்டு. அவ்வளவுக்கும் கை தாங்குமோ எண்டு பாக்கத்தான்."

உதயரூபன் நீட்டிப் பிடித்தார். எண்ணத் தொடங்கினார். பதினேழில் தேங்காய்கள் நிலத்தில் இருந்தன, ஒன்று அவருடைய காலில் இருந்தது. அடுத்த நாள் றிஸ்லானிடம் நொண்டிக்கொண்டு போய், "தம்பி, பலம் மட்டும் பாத்தாக் காணாது, கை தாங்கிற பாரமும் பாக்கோணும், அதுதான் அனுபவம்," என்றார். றிஸ்லானும் ஆமோதித்தான். ஆயிரத்தைத் துருப்பிடித்த போல்ட்டில் போட்டால் நட்டுக் கழராது, போல்ட்டு முறிந்து கையில் வரும், வீட்டுக்கும் வயலுக்கும் ஐந்நூறு தாராளம் என்றான்.

இப்படியே போனது. படுவான்கரையில் வைத்துப் பெட்டரி முடிந்தால், பாலம் தாண்டி வந்து சார்ஜ் போட்டுக்கொண்டா திரும்பப் போவது என்று கேதீஸ்வரி சும்மா கேட்டாள். உதயரூபன் இரண்டு பெட்டரி வேண்டுமென்று றிஸ்லானுக்கு விளக்கினார். தண்ணிப் பம்பின் நட்டுச் சின்னன், டிரெயிலர் நட்டுப் பெரிது, மெசினுக்கு ஒரே மூக்குக் காணுமா என்று அவள் சும்மா கேட்டாள். வேறு வேறு அளவில் சொக்கட் வேண்டும், அதுவும் வெள்ளியாய் மினுங்குவது அல்ல, அடி தாங்கும் கறுப்புச் சொக்கட் வேண்டும் என்று அவர் கொப்பியில் எழுதி, அடிக்கோடிட்டு, கடையில் வாசித்துக் காட்டினார். ஐந்தாம் தடவை போனபோது றிஸ்லான் கேட்காமலே கதிரை போட்டான். ஏழாம் தடவை, பஸ்ஸிலிருந்து அவர் இறங்குவதைக் கண்டதும் கடைக்குப் பின்னால் போய்விட்டான். உதயரூபன் பின்னாலும் போனார்.

ஒருநாள் மாலை, வயல் காரியம் பார்க்கும் வட்டை விதானை வந்து, விதைப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள், எல்லோரும் விதைநெல்லை வயலுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். டிரெயிலர் ஒரு பக்கம் சரிந்து முற்றத்தில் நின்றது. உதயரூபன் அதை ஒரு தடவை சுற்றி நடந்தார். இந்த ஆராய்ச்சியில் போகம் பிந்தினால், அவருடைய சாமான் என்ற பெயர் அல்ல, அவருடைய கூத்து என்ற பெயர்தான் ஊரில் நிற்கும். பதினோராம் நாள் விடிந்ததும் பஸ் ஏறினார். றிஸ்லான் பெட்டியைக் கையில் கொடுத்து, கடை வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தான். அவன் முகத்தில் தெரிந்த சந்தோசத்தை உதயரூபன் அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நடத்துனர் மேலே வைக்கச் சொன்னதற்குக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பயணத்தில் அவர் மிகவும் சந்தோசமாக இருந்தார். கந்தோரை விட்டு வந்த பிறகு முதல்முறையாக, கையில் இருப்பது தன்னுடையது என்று ஒரு ஆறுதல். வீட்டுக்கு வந்ததும் கறுப்பு மையால் பெட்டியின் நாலு பக்கமும் தன் பெயரை எழுதினார். பிறகு சட்டம் வாசித்தார்.

"கேட்டுக்கொள். இந்த மெசின் என்ட. நான் இல்லாம ஒருத்தரும் கை வைக்கப்படாது. ஆர் வந்து கேட்டாலும் குடுக்கப்படாது. நீயும்தான்."

"சரி."

"சும்மா சரியெண்டு சொல்லாத. இது ஆர்ட?"

"உங்கடதான். எழுதித் தரவா?"

பெட்டரி சார்ஜ் ஆகும்வரை முற்றத்துக்கும் பிளக்குக்கும் இடையில் நாற்பது தடவை நடந்தார். பச்சை விளக்கு எரிந்தபோது வேலிக்கு அப்பாலிருந்த யோகராசாவையும் மனைவி தெய்வமணியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வித்தை என்றால் பார்க்க ஆள் வேண்டும். இருவரும் வந்து மாமரத்துக்குக் கீழே நின்றார்கள். கேதீஸ்வரி குசினி வாசலில் நின்றாள்.

உதயரூபன் சொக்கட்டைப் போட்டார். மெசினில் இரண்டு பக்கமும் தள்ளும் சின்னச் சுவிச்சைக் கழற்றும் பக்கம் தள்ளினார். நட்டில் வைத்தார். விசையை அழுத்தினார்.

கோழிகள் வேலி பாய்ந்தன. மாமரத்தில் இருந்த காகம் எதிர்ப்புத் தெரிவித்துவிட்டுப் போனது. டிரெயிலர் நடுங்கியது, உதயரூபன் நடுங்கினார், அவருடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கி வந்தது. நட்டு மட்டும் நடுங்கவில்லை. இரண்டாவது நட்டில் வைத்தார். மூன்றாவதில் வைத்தார். ஐந்தையும் ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி முதலாவதுக்கு வந்தார். அது இன்னும் நன்றாக இருந்தது.

"துரு," என்றார் உதயரூபன் மூச்சு வாங்கியபடி. "சரியான துரு."

"மச்சான், ஆயிரத்த எடுத்திருக்கலாமே," என்றார் யோகராசா.

"பெட்டரி மாத்திப் போட்டுப் பாருங்கண்ணன்," என்றாள் தெய்வமணி.

மாற்றிப் போட்டார். கோழிகள் அடுத்த வளவையும் தாண்டின. உதயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது. மெசினின் சத்தத்தினால் என்று அவர் சொல்லியிருப்பார், ஆனால் அதனால் அல்ல. பதினொரு நாள் ஓடித் திரிந்து தேடி எடுத்த ஒரே சாமான், ஊர் பார்க்க அவரைக் கைவிட்டுவிட்டது.

அப்போதுதான் கேதீஸ்வரி சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். டிரெயிலருக்குப் பக்கத்தில் வந்து, மெசினைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் கை வைக்க மாட்டன். நீங்களே செய்யுங்க. அந்தச் சின்னச் சுவிச்ச மற்றப் பக்கம் தள்ளுங்க."

"அது இறுக்கிற பக்கம்."

"தள்ளுங்களன்."

"உலகத்தில எந்த நட்டும் இடப்பக்கம் சுத்தினாத்தான் கழரும். உனக்கு..."

"விளங்காது. சரி. ஒருக்காத் தள்ளுங்க."

நிரூபித்துக் காட்டுவதற்காகவே உதயரூபன் தள்ளினார். நட்டில் வைத்தார், அழுத்தினார். நட்டு ஒரு முனகல் முனகி, சொக்கட்டுக்குள் சுழன்று, அவர் கைக்குள் வந்து விழுந்தது. ஐந்து நட்டுக்கும் அரை நிமிடம் ஆகவில்லை. யோகராசா கைதட்டினார். யாருக்குத் தட்டினார் என்பது தெளிவாகத் தெரியவில்லை.

"இது இடம்புரி," என்றாள் கேதீஸ்வரி. "அப்பா பழைய லொறி ஒண்டிட அச்சை வாங்கி இந்த டிரெயிலருக்குப் போட்டவர். அந்தக் காலத்து லொறிக்கு இடப்பக்கச் சில்லில புரி மாறித்தான் வெட்டியிருக்கும். வலப்பக்கம் சுத்தினாத்தான் கழரும். சின்னப் பிள்ளையில நான்தான் அப்பாக்கு நட்டுப் பொறுக்கிக் குடுக்கிறது."

உதயரூபன் கையிலிருந்த நட்டைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். புரி இடப்பக்கம்தான் ஓடியது. புரியாமல் இருந்தது அவருக்குத்தான்.

"அப்ப அண்டைக்கு நான் குழாயில ஏறி நிண்டது..."

"இறுக்கினீங்க."

"இண்டைக்கு?"

"இன்னும் நல்லா இறுக்கினீங்க. நல்ல மெசின்."

"உனக்கு அண்டைக்கே தெரியுமா?"

"சொல்ல வாயெடுத்தன். உனக்கு விளங்காத விசயம் எண்டீங்க."

"பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே. பதினொரு நாள் கேதீஸ். பதினொரு நாள் பஸ் ஏறித் திரிஞ்சன்."

"பிறகு மெசின் வாங்கப் போறன் எண்டீங்க," என்றாள் கேதீஸ்வரி. "நட்டு லேசாக் கழரும் எண்டு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

உதயரூபன் நட்டைச் சட்டைப் பையில் போட்டார். இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று அவருடைய கந்தோர் மூளைக்குத் தட்டியது. அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டார்.

"உனக்கென்னத்துக்கு இந்த மெசின்?"

பதில் மாமரத்துக்குக் கீழிருந்து வந்தது. தெய்வமணிக்கு எதையும் ஒளித்துப் பழக்கமில்லை.

"என்னண்ணன் இப்பிடிக் கேக்கிறீங்க? ஒவ்வொரு போகமும் களுவாஞ்சிக்குடி மெக்கானிக் இந்தா வாறன், இந்தா வாறன் எண்டு நாலு நாள் கழிச்சுத்தானே வாறான். இந்த ஒழுங்கையில ஏழு லேண்ட்மாஸ்டர் நிக்குது. எல்லாத்துக்கும் டயரைக் கழட்டி இரும்புச் சில்லுப் போடோணும். கேதீஸ் போன கிழமையே மாதர் சங்கக் கூட்டத்தில சொல்லிற்றா, இந்த முறை ஒருத்தனையும் பாத்திருக்கத் தேவையில்ல, எங்கட வீட்டுக்கு மெசின் வருகுதெண்டு."

"போன கிழமை நான் ஐந்நூறா ஆயிரமா எண்டே முடிவெடுக்கல்லையே."

"ஐந்நூறு எண்டுதான் சொன்னவ," என்றாள் தெய்வமணி.

உதயரூபன் மெசினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எல்லாம் போனாலும் சட்டம் இருக்கிறதே. நாலு பக்கமும் பெயர் எழுதிய பெட்டி இருக்கிறதே. இருபத்தாறு வருடக் கோபத்தையும் சேர்த்து, ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னார்.

"மெசின் என்ட. நான் இல்லாம ஒருத்தரும் இதில கை வைக்க ஏலாது. இத இந்த வளவை விட்டு ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்."

தெய்வமணி சங்கடப்பட்டுப் போனாள். யோகராசா மாமரத்தைப் பார்த்தார்.

"அப்ப எங்கட சில்லு, கா?" என்று மெல்லக் கேட்டாள் தெய்வமணி.

கேதீஸ்வரி ஒன்றும் அவசரப்படவில்லை. கணவனின் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள், சரிந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள். பிறகு தெய்வமணியின் பக்கம் திரும்பினாள்.

"அவர் சொல்லுறது சரிதான், கா. மெசின் அவர்ட. அத நான் தர ஏலாது. ஆள் என்ட. ஆளக் கொண்டு போங்க. விளக்கு வைக்கிறதுக்கு முந்தித் திருப்பித் தந்திருங்க."